படிவம் 4473-இல் பொய்: மறுப்பு ஒரு லட்சத்துக்கு மேல், வழக்கு பன்னிரண்டு

குறுக்குக்கேள்வி | 9 நவம்பர் 2025, இரவு 9:12

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் தெரிந்தவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்குங்கள். 2017 நிதியாண்டில் எஃப்பிஐயின் பின்னணிச் சரிபார்ப்பில் மறுக்கப்பட்டவை 1,12,090. அதில், துப்பாக்கிச் சட்டத்தை அமலாக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் கள அலுவலகங்கள் விசாரணைக்கு எடுத்தவை 12,710. மத்திய அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டவை 12. பின்னால் பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை, வெறும் பன்னிரண்டுதான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ 2018 செப்டம்பரில் சொன்ன கணக்கு.

படிவம் 4473 என்பது கடையில் துப்பாக்கி வாங்க வருகிறவர் தன் கைப்பட நிரப்புகிற படிவம். பொய் சொன்னால் ஃபெலனி (ஓராண்டுக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய பெருங்குற்றம்) என்று அதிலேயே எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. ஆள் பொய்யை எழுதுகிறான், கையெழுத்துப் போடுகிறான், அடையாள அட்டையையும் காட்டிவிட்டுப் போகிறான். வேறு எந்தக் குற்றத்தில் குற்றவாளியே சாட்சியங்களைக் கவுண்டரில் ஒப்படைக்கிறான்? என் கட்சி இதுதான்: மறுக்கப்பட்ட அத்தனை பேர் மேலும் வழக்குப் போட வேண்டும்.

டாலஸ்மச்சான் | 9 நவம்பர், 9:40

பொய்யா பாரம் நிரப்புனவனை எல்லாம் உள்ள தூக்கிப் போடணும்னா நம்ம ஊர்ல வருமானச் சான்றிதழ் வாங்குனவங்கள்ல இருந்து ஆரம்பிக்கணும் பாஸ். ஜெயில் பத்தாது.

பழையகாகிதம் | 10 நவம்பர், காலை 6:55

வாசலில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்வோம்.

உரிமம் பெற்ற டீலர் முதலில் ‘ஏ’ பகுதியில் துப்பாக்கியின் விவரத்தை எழுத வேண்டும். அதன் பிறகே வாங்குபவர் தன் பகுதியை நிரப்புவார். 21ஆம் கேள்விதான் இதயம். அதில் 21.ஏ ‘இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குவது நீதானா’ என்று கேட்கும். மற்ற உட்பிரிவுகள் குற்றப்பத்திரிகை நிலுவை, ஓராண்டுக்கு மேல் சிறை கிடைத்திருக்கக்கூடிய குற்றத் தீர்ப்பு, தலைமறைவு, போதைப்பொருள், மனநல உத்தரவு, ராணுவத்திலிருந்து மானமிழந்த வெளியேற்றம், குடும்ப வன்முறை, குடியுரிமை என்று போகும். வாங்குபவர் கையெழுத்துப் போட்ட பிறகு டீலர் எஃப்பிஐயின் உடனடிப் பின்னணிச் சரிபார்ப்பு அமைப்பான நிக்ஸிடம் தொலைபேசியிலோ இணையத்திலோ கேட்பார். சில மாநிலங்களில் மாநிலப் போலீஸைக் கேட்பார். நிக்ஸ் இயங்குவது மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்கில், 1998 நவம்பர் 30 முதல்.

பதில் மூன்று வகை: ப்ரொசீட் (விற்கலாம்), டிலேய்ட் (தாமதம், பொறு), டினைட் (மறுப்பு). டினைட் வந்தால் டீலருக்குக் காரணம் சொல்லப்படாது. அவர் ‘விற்க முடியாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மேல்முறையீடு எப்படிச் செய்வது என்ற தாளைக் கையில் கொடுத்து அனுப்புவார். போலீஸ் வராது, சைரன் ஊதாது. ஆள் காரில் ஏறிப் போய்விடுவார்.

இப்போது உங்கள் 1,12,090. நீங்கள் அத்தனையையும் ‘பொய்’ என்று எண்ணியிருக்கிறீர்கள். அது மறுப்புகளின் எண்ணிக்கை. மறுப்பு என்றால் பதிவேட்டில் ஏதோ ஒன்று பொருந்தியது என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த ஆள் தெரிந்தே பொய் சொன்னானா என்பது வேறு கேள்வி. வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

குறுக்குக்கேள்வி | 10 நவம்பர், 7:30

தனக்குக் குற்றத் தீர்ப்பு உண்டா இல்லையா என்று ஒருத்தனுக்குத் தெரியாதா என்ன?

வக்கீல்வாண்டு | 10 நவம்பர், மதியம் 1:18

தெரியாமல் போவதற்கு வழி நிறைய இருக்கிறது. கேள்வி ‘சிறைக்குப் போனாயா’ என்று கேட்பதில்லை. ‘நீதிபதி ஓராண்டுக்கு மேல் சிறை விதித்திருக்கக்கூடிய குற்றமா, உனக்கு அதைவிடக் குறைவாகக் கிடைத்திருந்தாலும், நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே கிடைத்திருந்தாலும்’ என்று கேட்கிறது. 19 வயதில் ஒரு திருட்டு வழக்கில் ஒப்புக்கொண்டு, மூன்று வருஷம் ப்ரொபேஷனை முடித்து, ஒரு நாள்கூட உள்ளே இருக்காதவன் ‘இல்லை’யில் டிக் அடிக்கிறான். சட்டப்படி பதில் தப்பு. ஆனால் துப்பாக்கி வாங்கும்போது சொல்லும் பொய்யைக் குற்றமாக்கும் மத்தியச் சட்டப் பிரிவு 922(ஏ)(6) கேட்பது தெரிந்தே சொன்ன பொய்யை.

இதில் ஃபெலனி, மிஸ்டிமீனர் (சிறுகுற்றம்) குழப்பம் வேறு. மாநில மிஸ்டிமீனர் என்றால் இரண்டு ஆண்டு அல்லது அதற்குக் குறைவான தண்டனை உள்ளவை மத்தியச் சட்டத்தில் கணக்கில் வராது. ஆனால் மேரிலாந்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள மிஸ்டிமீனர்களும் உண்டு. ‘அது மிஸ்டிமீனர்தானே’ என்று வக்கீல் அன்று சொன்னதை நம்பியவன் இன்று தடை செய்யப்பட்ட ஆள்.

அடுத்தது குடும்ப வன்முறை மிஸ்டிமீனர். 1996இல் வந்த தடை இது. பழைய தீர்ப்பில் தலைப்பு ‘சாதாரணத் தாக்குதல்’ என்று மட்டும் இருக்கும், அடிபட்டது மனைவி என்பது சட்டப் பிரிவில் எங்கும் இருக்காது. உறவு அந்தக் குற்றத்தின் கூறாக இருக்க வேண்டியதில்லை, தனியாக நிரூபித்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் ஹேய்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆக ஆள் தடைக்குள் வந்துவிடுகிறான். ஆனால் அவன் மனசில் அது ‘சும்மா ஒரு அடிதடி கேஸ்’தான். ஜூரி அதை நம்பினால் விடுதலை.

பழையகாகிதம் | 10 நவம்பர், இரவு 8:02

தலைமறைவு என்ற வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரி வரை, பிடிவாரன்ட் நிலுவையில் இருந்தாலே எஃப்பிஐ தலைமறைவு என்று மறுத்தது. போக்குவரத்து அபராதத்துக்கு ஆஜராகாதவன்கூட அதில் மாட்டினான். பிறகு அரசின் நீதி அமைச்சகம், வழக்கிலிருந்து தப்பிக்க மாநில எல்லை தாண்டியவர் மட்டுமே தலைமறைவு என்று சுருக்கியது. பழைய மறுப்புகளில் இந்த மாதிரிப் பதர் நிறைய.

இன்னொன்று ஆள் மாறாட்டம். தேடல் ஓடுவது பெயர், பிறந்த தேதி, பாலினம், இனம், மாநிலம் ஆகியவற்றை வைத்து. சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை என்பதால் பலர் காலியாக விடுகிறார்கள். பொதுவான பெயர்காரர்கள் அந்த எண்ணைப் போட்டுவிடுவது அவர்களுக்கே நல்லது. தவறாக மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கலாம், கைரேகை அனுப்பி மேல்முறையீடு செய்யலாம். ஜெயித்த பிறகு எஃப்பிஐ வைத்திருக்கும் தன்னார்வக் கோப்பில் சேர்ந்து ஒரு தனி எண் வாங்கிக்கொண்டால், அடுத்த முறை படிவத்தில் அதை எழுதலாம்.

குறுக்குக்கேள்வி | 11 நவம்பர், காலை 6:20

சரி, பதரைத் தூற்றிவிடலாம். எவ்வளவு தூற்றினாலும் 12தான் மிஞ்சுமா? 2004இல் நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் அறிக்கை: 2002, 2003 இரண்டு ஆண்டிலும் சேர்த்து 1,20,000க்கு மேற்பட்ட மறுப்புகள், வழக்கு 154. அப்போதே ஒரு விழுக்காட்டுக்குக் கீழ். ஆட்சி மாறினாலும் இது மாறவில்லை. 2018 மார்ச்சில் அன்றைய அட்டர்னி ஜெனரல் (நீதி அமைச்சகத்தின் தலைவர்) செஷன்ஸ் இந்த வழக்குகளுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொன்னார். 2019 நவம்பரில் அதே பதவியில் இருந்த பார் ‘ப்ராஜெக்ட் கார்டியன்’ என்று மறுபடி சொன்னார். ஒரே உத்தரவை இரண்டு பேர் போட வேண்டி வந்ததே கதையைச் சொல்லிவிடுகிறது.

வக்கீல்வாண்டு | 11 நவம்பர், இரவு 10:45

சொல்வது சுலபம். ஒரு வழக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள்.

மறுப்பு எஃப்பிஐயிலிருந்து ஏடிஎஃப்பின் டெனி கிளைக்குப் போகும். அவர்கள் வடிகட்டுவது சட்டத்தை மட்டும் வைத்தல்ல, ஒவ்வொரு மாவட்ட மத்திய வழக்கறிஞர் அலுவலகமும் ‘எங்களுக்கு இந்த மாதிரி வழக்கு வேண்டும், இது வேண்டாம்’ என்று கொடுத்திருக்கும் அளவுகோலை வைத்து. வன்முறைக் குற்றத் தீர்ப்பு, ஒருவரை நெருங்கக் கூடாது என்ற நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு நடப்பில் இருப்பது, ஒரே ஆள் திரும்பத் திரும்ப முயற்சி செய்வது, இப்படிப்பட்டவை மேலே வரும். முப்பது வருஷப் பழைய போலிக் காசோலை வழக்குக்காரர் கீழேயே நின்றுவிடுவார்.

கள அலுவலகத்துக்கு வந்த பின் ஏஜென்ட் கடைக்குப் போய் மூலப் படிவத்தை எடுக்க வேண்டும். நகல் போதாது, அவன் கையால் டிக் அடித்த தாள் வேண்டும். கவுண்டரில் நின்ற விற்பனையாளரைக் கண்டுபிடித்து, ‘என் முன்னால்தான் நிரப்பினார்’ என்று சொல்லவைக்க வேண்டும். கடை கேமராப் பதிவு வேண்டும் என்றால் அது அழிந்து மேலே புதுப்பதிவு ஏறுவதற்குள் போக வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போகிற ஏஜென்டுக்கு விற்பனையாளர் ‘தினம் நாற்பது பேர் வர்றாங்க சார், ஞாபகமில்லை’ என்பார்.

பிறகு பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகல். அந்தத் தீர்ப்பில் இருப்பவனும் இவனும் ஒருவனே என்று கைரேகை ஒப்பீடு. எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட நாளின் நீதிமன்றப் பதிவு. ‘இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு, புரிகிறதா?’ என்று நீதிபதி கேட்டதும் அவன் ‘புரிகிறது’ என்றதும் அதில் இருந்தால், தெரிந்தே பொய் சொன்னான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ‘இனி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது’ என்று ப்ரொபேஷன் நிபந்தனைத் தாளில் அவன் கையெழுத்து இருந்தாலும் அதே பலம். சின்ன ஊர் நீதிமன்றத்தில் இருபது வருஷப் பதிவைத் தோண்டுவது தனிப் பாடு.

இத்தனையும் முடித்துக் கிடைப்பது என்ன? சட்டத்தில் அதிகபட்சம் 10 ஆண்டு. ஆனால் தண்டனைக் கையேட்டின்படி, தடை செய்யப்பட்டவருக்கு அடிப்படைப் புள்ளி 14. பழைய வழக்கு காலாவதியாகி, குற்ற வரலாற்றுக் கணக்கில் முதல் வகுப்பில் (மிகக் குறைந்தது) வருகிறவனுக்கு 15 முதல் 21 மாதம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு புள்ளி கழித்து 10 முதல் 16 மாதம். கீழே நீதிபதி ப்ரொபேஷனும் கொடுக்கலாம். அதே ஏஜென்ட் அதே நேரத்தில் துப்பாக்கியோடு பிடிபட்ட ஒரு போதை வியாபாரி மேல் வழக்குக் கட்டலாம். வழக்கறிஞர் எதை எடுப்பார்?

டாலஸ்மச்சான் | 11 நவம்பர், 11:02

இதுல ஆள் கையில துப்பாக்கியே இல்ல. பிக்பாக்கெட் அடிக்கப் போய் காலிப் பர்ஸ்ல கைய விட்டவன் கதை.

வக்கீல்வாண்டு | 11 நவம்பர், 11:20

சட்டப்படி அது தடையில்லை. 922(ஏ)(6)இல் ‘வாங்கியபோது அல்லது வாங்க முயன்றபோது’ என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் ஜூரி முன்னால் அதுதான் பிரச்சினை. ‘சட்டம் வேலை செய்தது, துப்பாக்கி கிடைக்கவில்லை, அப்புறம் ஏன் இவரை உள்ளே தள்ள வேண்டும்’ என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். வைத்திருந்த குற்றமான 922(ஜி)யும் சேராது, ஏனென்றால் அவன் வைத்திருக்கவில்லை.

பிரிவுகளைக் குழப்பிக்கொள்பவர்களுக்கு: 922(ஏ)(6)க்கு அந்தப் பொய், விற்பனை சட்டப்படி செல்லுமா என்பதைப் பாதிக்கிற பொய்யாக இருக்க வேண்டும். 924(ஏ)(1)(ஏ)க்கு அது வேண்டாம். டீலரின் பதிவேட்டில் இருக்க வேண்டிய தகவலில் தெரிந்தே பொய் சொன்னாலே போதும், முகவரியாகவே இருந்தாலும். முதலாவதுக்கு 10 ஆண்டு, இரண்டாவதுக்கு 5. பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள்.

குறுக்குக்கேள்வி | 12 நவம்பர், காலை 7:05

முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன் மேல் போட்டது இந்த இரண்டும்தானே?

வக்கீல்வாண்டு | 12 நவம்பர், 7:50

ஆமாம், மூன்றாவதாக 922(ஜி)(3), போதைப் பயனாளி துப்பாக்கி வைத்திருந்தது. 2018 அக்டோபர் 12இல் டெலவேரின் வில்மிங்டனில் ஒரு கோல்ட் கோப்ரா ரிவால்வர் வாங்கினார், பதினொரு நாள் வைத்திருந்தார். அப்போதைய படிவத்தில் போதைக் கேள்வி 11.இ, இப்போது அது 21ஆம் கேள்விக்குள். 2024 ஜூன் 11இல் மூன்றிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. தண்டனை விதிக்கும் முன்பே டிசம்பர் 1இல் அப்பாவின் மன்னிப்பு வந்துவிட்டது.

அரசியலை விடுங்கள், சாட்சியத்தைப் பாருங்கள். போதைக் கேள்வியில் பொய்யை நிரூபிப்பது மகா கஷ்டம், ஏனென்றால் அதைக் கணினியால் சரிபார்க்க முடியாது. அவர் விஷயத்தில் அவரே எழுதிய நினைவுக்குறிப்பு இருந்தது, அதை அவர் குரலிலேயே ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள். குறுஞ்செய்திகள் இருந்தன. சாதாரண ஆளுக்கு இவ்வளவு எங்கே கிடைக்கும்?

பழையகாகிதம் | 12 நவம்பர், மதியம் 12:30

அந்தப் போதைக் கேள்வியில் இன்னும் ஒரு பொறி. மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம் என்றாலும் மத்தியச் சட்டத்தில் அது தடைதான் என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. கொலராடோவில் கடையில் ரசீதோடு வாங்கியவரும் ‘இல்லை’ என்று எழுதினால் பொய். ‘ஆம்’ என்றால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். எத்தனை பேர் உண்மை எழுதுகிறார்கள் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இந்தத் தடையே செல்லுமா என்று ஹேமானி வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரணைக்கு எடுத்தது. அதன் தீர்ப்பு வரும்வரை வழக்கறிஞர்கள் இந்தக் கேள்வியில் கை வைக்க இன்னும் தயங்குவார்கள்.

டாலஸ்மச்சான் | 12 நவம்பர், இரவு 9:15

நடுவுல ஒரு நம்மாளுங்க கேள்வி. எச்-1பியில இருக்கிறவர் துப்பாக்கி வாங்கலாமா? வாட்ஸ்அப்ல ஒருத்தர் ‘தாராளமா வாங்கலாம், லைசென்ஸ் போதும்’னு அனுப்பியிருக்கார்.

வக்கீல்வாண்டு | 12 நவம்பர், 10:10

எந்த லைசென்ஸ் என்று அவர் சொல்லாததுதான் விபரீதம். டிரைவிங் லைசென்ஸ் இல்லை அண்ணே, வேட்டை உரிமம். குடியேறாத விசாவில் வந்தவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது பொது விதி. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியான வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. படிவத்தில் 21ஆம் கேள்வியின் கடைசி உட்கேள்வி அதற்காகவே. முதல் பாதியில் ‘ஆம்’ என்று போட்டு, இரண்டாம் பாதியில் விலக்கைக் காட்ட வேண்டும். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

குடியுரிமைக் கட்டத்தில் சோம்பேறித்தனமாக ‘அமெரிக்கா’ என்று டிக் அடிப்பதுதான் பெரிய ஆபத்து. அது துப்பாக்கிப் படிவத்தில் பொய் மட்டுமல்ல, குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னதும் ஆகும். நாடு கடத்தலுக்கு அதுவே தனிக் காரணம். துப்பாக்கிக் குற்றத் தீர்ப்பு இன்னொரு காரணம். அமெரிக்கக் குடிமகனுக்கு ப்ரொபேஷனோடு முடிகிற வழக்கு இவருக்குச் சென்னை விமானத்தில் முடியும்.

டாலஸ்மச்சான் | 12 நவம்பர், 10:14

அப்போ ஷூட்டிங் ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடுறது? ஆஃபீஸ் டீம் அவுட்டிங்லாம் அங்கதான்.

வக்கீல்வாண்டு | 12 நவம்பர், 10:31

ரேஞ்ச் வளாகத்துக்குள்ளேயே திருப்பிக் கொடுக்கிற வாடகைக்கு 4473 தேவையில்லை. ஆனால் தடை ‘வைத்திருப்பதற்கும்’ உண்டு. குடியேறாத விசாக்காரருக்கு ரேஞ்சிலும் வேட்டை உரிமம் வேண்டும் என்பதுதான் ஏடிஎஃப் நிலை. மேனேஜர் கூப்பிட்டார் என்பது விலக்குப் பட்டியலில் இல்லை.

குறுக்குக்கேள்வி | 14 நவம்பர், காலை 6:48

மூலக் கேள்விக்கு வருகிறேன். அதே ஜிஏஓ அறிக்கையில், தாங்களே சரிபார்ப்பு நடத்தும் 13 மாநிலங்களைக் கேட்டதில் 10 மாநிலங்கள் மறுப்புகளை விசாரிப்பதில்லை என்றன. ஆனால் பென்சில்வேனியா, வர்ஜீனியா, ஓரிகன் மூன்றும் பெரும்பகுதியை விசாரிக்கின்றன. அங்கெல்லாம் ஜூரி இல்லையா, பழைய பதிவு தொலையவில்லையா? முடியாது என்பதெல்லாம் மத்திய அரசின் சாக்கு.

பழையகாகிதம் | 14 நவம்பர், இரவு 9:26

இது சரியான குத்து. நானும் என் முதல் பதிவைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும், நிரூபணச் சிக்கல் ஒன்றே காரணம் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். பென்சில்வேனியாவில் மாநிலப் போலீஸே சரிபார்ப்பை நடத்துகிறது, மறுப்பை விசாரணைக்கு அனுப்புவதும் அதுதான். மாநிலத்துக்கெனத் தனிப் படிவம் உண்டு, அதில் பொய் சொல்வது மாநிலச் சட்டத்தில் மூன்றாம் நிலை ஃபெலனி, ஏழு ஆண்டு வரை. வர்ஜீனியாவில் 1989லேயே உடனடிச் சரிபார்ப்பு வந்துவிட்டது, நாட்டிலேயே முதலாவது. அங்கேயும் பொய் சொல்வது ஃபெலனிதான்.

வித்தியாசம் தூரம்தான். அங்கே மறுப்புத் தகவல் போவது உள்ளூர் போலீஸ்காரர் மேசைக்கு. அவர் கடைக்குப் பதினைந்து நிமிடத்தில் போவார். ஆளின் வீடும் தெரியும், பழைய வழக்கை நடத்தியவர் பக்கத்து அறையில் இருப்பார், நீதிமன்றப் பதிவு அதே கட்டடத்தில். மத்திய ஏஜென்ட் ஒருவருக்கு அரை மாநிலம் பொறுப்பு.

இதைப் பார்த்துத்தான் 2022 மார்ச்சில் பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டத்தின் மறு அங்கீகாரத்தோடு ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: எஃப்பிஐ மறுத்தால் 24 மணி நேரத்துக்குள் மாநில அல்லது உள்ளூர்ப் போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தகவல் போகிறது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மறுப்புத் தாளை ஃபைலில் போட்டு மூடுகிற ஊர் போலீஸும் இருக்கும், முன்னாள் மனைவிக்குப் போன் போட்டு ‘அவன் துப்பாக்கி வாங்கப் போயிருக்கிறான், கவனமாக இருங்கள்’ என்று சொல்கிற ஊர் போலீஸும் இருக்கும். என்னைக் கேட்டால் அந்த ஒரு போன் பத்து வழக்குக்குச் சமம்.

குறுக்குக்கேள்வி | 15 நவம்பர், காலை 7:11

சரி, ‘எல்லார் மேலும்’ என்பதை வாபஸ் வாங்குகிறேன். வன்முறைத் தீர்ப்பு உள்ளவர், பாதுகாப்பு உத்தரவு உள்ளவர், இரண்டாவது முறை முயல்கிறவர், இவர்கள் மேல் கட்டாயம். இரண்டாவது முறை வருகிறவன் ‘தெரியாது’ என்று சொல்லவும் முடியாது, முதல் மறுப்பே அவனுக்கு நோட்டீஸ்.

வக்கீல்வாண்டு | 15 நவம்பர், 8:40

இது நல்ல வழக்கு. முதல் மறுப்புக்குப் பின் காரணம் கேட்டு எஃப்பிஐயிடமிருந்து பதில் வாங்கியிருந்தால் இன்னும் நல்லது, ‘உன் மேல் இன்ன தீர்ப்பு இருக்கிறது’ என்ற கடிதம் அவன் வீட்டிலேயே இருக்கும்.

பழையகாகிதம் | 16 நவம்பர், இரவு 10:05

ஆனால் நாம் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருப்பது கவுண்டரில் பிடிபட்ட பொய்யைப் பற்றி மட்டும். பிடிபடாமல் போன பொய் இரண்டு வகை, ஆபத்து அங்கேதான்.

முதல் வகை டிலேய்ட். மூன்று வேலை நாளுக்குள் எஃப்பிஐ பதில் சொல்லாவிட்டால் டீலர் விற்கலாம். விற்றே ஆக வேண்டும் என்றில்லை. சில பெரிய கடைகள் விற்பதில்லை. 2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் டிலன் ரூஃப் வாங்கியது இப்படித்தான். போதைப்பொருள் வைத்திருந்ததை ஒப்புக்கொண்ட கைது ஒன்று இருந்தது. எந்தக் காவல்துறை கைது செய்தது என்பது பதிவில் தவறாக இருந்ததால் சரிபார்ப்பவர் வேறு அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாள் ஓடியது, துப்பாக்கி கைமாறியது, ஜூன் 17இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். விற்ற பிறகு மறுப்பு வந்தால் ஏடிஎஃப் ஆள் நேரில் போய்த் துப்பாக்கியைத் திருப்பி வாங்க வேண்டும். அதனால்தான் இந்த வகை மறுப்புகள் அத்தனையும் களத்துக்குப் போகின்றன. 12,710 ஏன் அவ்வளவு என்பதற்கு இது ஒரு பகுதி விடை. அங்கே ஏஜென்டின் முதல் வேலை துப்பாக்கியை மீட்பது, வழக்கு அப்புறம். 21 வயதுக்குக் கீழானவருக்கு 2022 ஜூன் சட்டம் இந்தக் காலத்தை, சந்தேகம் இருந்தால், பத்து வேலை நாளாக்கியது.

இதன் தங்கச்சிதான் பதிவே போகாத வழக்கு. 2017 நவம்பரில் டெக்ஸாஸின் சதர்லாண்ட் ஸ்ப்ரிங்ஸில் 26 பேரைக் கொன்றவனுக்கு விமானப்படை ராணுவ நீதிமன்றத்தில் குடும்ப வன்முறைத் தீர்ப்பு இருந்தது. விமானப்படை அதை எஃப்பிஐக்கு அனுப்பவில்லை. அவன் பொய் எழுதினான், கணினி ப்ரொசீட் என்றது. ‘மானமிழந்த வெளியேற்றம்’ கேள்விக்கு அவன் ‘இல்லை’ என்றது உண்மைதான், ஏனென்றால் கிடைத்தது ‘மோசமான நடத்தை’ வெளியேற்றம், அது வேறு வகை. பொய் குற்றத் தீர்ப்புக் கேள்வியில்.

பழையகாகிதம் | 16 நவம்பர், 10:48

இரண்டாவது வகை பினாமி. நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாத சொல். சுத்தமான பதிவுள்ள ஒருத்தர் வந்து 21.ஏவில் ‘ஆம், எனக்குத்தான்’ என்று டிக் அடித்து, வேறொருவருக்கு வாங்குகிறார். கணினிக்கு இதில் பிடிக்க எதுவும் இல்லை, அது தேடுவது அவர் பெயரைத்தான்.

கவுண்டரில் தெரியும் அறிகுறிகள் பழகிய விற்பனையாளருக்குத் தெரியும்: இருவர் வருவார்கள், ஒருவர் தேர்ந்தெடுத்துக் கையில் பிடித்துப் பார்ப்பார், மற்றவர் படிவம் நிரப்புவார். நிரப்புகிறவருக்குத் தான் வாங்கும் மாடல் பெயரே தெரியாது. ரொக்கம். ஒரே மாடலில் மூன்று. ஐந்து தொடர் வேலை நாளுக்குள் ஒருவருக்கே இரண்டு கைத்துப்பாக்கி விற்றால் டீலர் அதை 3310.4 படிவத்தில் ஏடிஎஃப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் ஆறாம் நாள் வருவார்கள், அல்லது வேறு கடைக்குப் போவார்கள்.

டாலஸ்மச்சான் | 17 நவம்பர், காலை 8:20

அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசா வாங்கிக் கொடுத்தா அதுவும் பினாமியா?

வக்கீல்வாண்டு | 17 நவம்பர், 9:05

உங்கள் சொந்தக் காசில் உண்மையான பரிசென்றால் நீங்கள்தான் வாங்குபவர், ‘ஆம்’ சரி. அப்பா காசு கொடுத்து வாங்கச் சொன்னால் பரிசு இல்லை. 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கு இதுவே. வர்ஜீனியாவில் ஒரு முன்னாள் போலீஸ்காரர், தனக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் மாமாவுக்காக ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா 400 டாலர் காசோலை அனுப்பி, அதிலேயே எதற்கு என்றும் எழுதியிருந்தார். மாமாவுக்குத் தடை எதுவும் இல்லை. பென்சில்வேனியாவில் டீலர் வழியாக, அங்கும் சரிபார்ப்பு முடித்துத்தான் கைமாற்றினார்கள். அப்படியும் பொய் பொய்தான் என்று உச்ச நீதிமன்றம் 5-4இல் சொன்னது. இவர் மாட்டியதே தற்செயல்: வேறொரு வழக்கில் வீட்டைச் சோதித்தபோது மாமாவின் ரசீது கிடைத்தது.

குறுக்குக்கேள்வி | 17 நவம்பர், இரவு 7:37

ஒன்றும் செய்யாத மாமாவுக்கு வாங்கியவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். வன்முறைத் தீர்ப்போடு கவுண்டருக்கு வந்தவன் வீட்டுக்குப் போனான். நல்ல சட்டம்.

பழையகாகிதம் | 18 நவம்பர், காலை 6:40

அந்தக் கசப்பு நியாயம்தான், ஆனால் பினாமி வழக்கு ஏன் ஓடுகிறது என்றால் அங்கே துப்பாக்கி ஒன்று கையில் இருக்கிறது. ஜூரி தொட்டுப் பார்க்கலாம். குற்ற இடத்தில் எடுத்த துப்பாக்கியின் வரிசை எண்ணை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள தேசியத் தடமறி மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பெயர் போட்டுத் தேடும் பட்டியல் கிடையாது, 1986 சட்டம் அதைத் தடுக்கிறது. தயாரிப்பாளரைக் கேட்டு, மொத்த வியாபாரியைக் கேட்டு, டீலரைக் கேட்டு, கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு 4473 வரும். ப்ரொசீட் ஆன சரிபார்ப்பின் விவரத்தை எஃப்பிஐ 24 மணி நேரத்தில் அழித்துவிட வேண்டும் என்பதால், அந்தத் தாள் மட்டும்தான் மிச்சம்.

அதிலிருந்து வாங்கினவரிடம் போனால் ‘தொலைந்துபோச்சு’ என்பார். தொலைந்ததாகப் புகார் கொடுத்தீர்களா? இல்லை. வாங்கி எத்தனை நாளில் குற்ற இடத்துக்கு வந்தது? மூன்று வாரம். அன்றைக்கு வங்கிக் கணக்கில் யார் பணம் போட்டார்கள்? வழக்கு அப்படி முடிச்சு முடிச்சாக அவிழும். மாட்டுகிறவர் பெரும்பாலும் காதலி அல்லது அம்மா. வாங்கச் சொன்னவன் தப்பித்துவிடுகிறான் என்ற குறைக்குத்தான் 2022 ஜூன் சட்டம் பினாமி வாங்கலையே தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வைத்தது. அதில் வாங்கச் சொன்னவனையும் சதியில் சேர்க்க முடியும். இன்னொரு குற்றத்துக்கு என்று தெரிந்தே வாங்கினால் 25.

டாலஸ்மச்சான் | 18 நவம்பர், இரவு 9:55

கேட்க மறந்த ஒன்னு. நிரப்பும்போது தெரியாம தப்புக் கட்டத்துல டிக் அடிச்சுட்டா?

பழையகாகிதம் | 18 நவம்பர், 10:20

கையெழுத்துப் போடும் முன் என்றால் தப்பை அடித்துவிட்டு, சரியானதைப் போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். வெள்ளை மை பூசக் கூடாது. வாங்குபவரின் பகுதியில் கை வைக்க வேண்டியது வாங்குபவர்தான், டீலர் இல்லை. விற்பனை முடிந்த பின் கண்டுபிடித்தால் மூலத்தைத் தொடக் கூடாது, நகல் எடுத்து அதில் திருத்தி இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். ‘ஆம்’ என்று போட்டவரைப் பார்த்து விற்பனையாளர் ‘அதுக்கு இல்லைனு போடணும் சார்’ என்று சொல்லிக்கொடுத்தால் அந்த இடத்தில் குற்றவாளி இரண்டு பேர்.

வேறொரு நாளில் துப்பாக்கியை வாங்க வந்தால் படிவத்தின் ‘டி’ பகுதியில் மறுபடி உறுதிமொழிக் கையெழுத்து உண்டு. முதல் நாள் உண்மையாக இருந்தது இடையில் பொய்யாகியிருந்தால், இரண்டாவது கையெழுத்துத்தான் குற்றம். எல்லாரும் அந்த வரியைப் படிக்காமல் போடுவார்கள்.

வக்கீல்வாண்டு | 19 நவம்பர், காலை 7:02

மேலே பினாமி வழக்கு ஓடும் என்று காகிதம் அண்ணன் எழுதியதில் ஒரு திருத்தம். ஓடும், நேரம் இருந்தால். படிவப் பொய்க்கு வழக்குப் போடக் கால வரம்பு ஐந்து ஆண்டு, கடிகாரம் ஓட ஆரம்பிப்பது படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளில். 2019 மார்ச்சில் போட்ட கையெழுத்து, துப்பாக்கி தெருவில் கிடைத்தது 2025இல். தடமறிதல் ஒழுங்காக நடந்து, கடைக்காரர் தாளை எடுத்துக் கொடுத்து, 21.ஏவில் அந்த டிக் அப்படியே இருக்கும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.